ஐந்தாம் பிரிவில் ஆடும் பிள்ளையை இப்படி எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையை முப்பது வருடத்துக்கு மேலாக வாசித்து வருகிறேன். இதுவரை ஒரு கடிதமும் எழுதியதில்லை. சென்ற மாதம் விளையாட்டுப் பக்கத்தில் வந்த ஒரு கட்டுரைதான் என்னை எழுத வைத்தது.

ஐரோப்பாவில் உதைபந்தாடும் நம் பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை அது. அதில் ஒரு பையனுக்கு மூன்று வரி ஒதுக்கியிருந்தீர்கள். பெரிய கழகம் ஒன்றின் இளையோர் அணியில் பதினாறு வயது வரை இருந்தவராம். பிறகு அங்கே இடம் கிடைக்கவில்லையாம். இப்போது ஜேர்மனியின் ஐந்தாம் பிரிவான ஓபர்லீகா வெஸ்ட்ஃபாலனில் ஆடுகிறாராம். 'வாய்ப்பைத் தவறவிட்டவர்' என்று எழுதி அவருடைய கதையை முடித்துவிட்டீர்கள்.

அந்தப் பையனை எனக்குத் தெரியாது. அந்த லீக்கைத் தெரியும். நான் இருப்பது ஹம் நகரத்தில். காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிற அதே ஹம்தான். உங்கள் வாசகர்களில் பலர் தேருக்கு வந்து போயிருப்பார்கள். கோயில் நகரத்தின் கிழக்குப் பக்கம், தெற்கே ரீனர்ன் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கேயுள்ள வெஸ்ட்ஃபாலியா ரீனர்ன் கழகம் இந்த ஓபர்லீகாவில் பல பருவங்கள் ஆடியிருக்கிறது. 2017இல் ஒரு படி மேலே ஏறியது. ஒரே பருவத்தில் திரும்ப இறங்கி வந்தது. இறங்கி வந்தவர்களை ஊர்ச்சனம் 'தவறவிட்டவர்கள்' என்று சொல்லவில்லை. அடுத்த பருவம் அதே மைதானத்துக்கு அதே ஆட்கள் வந்து நின்றார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு மனத்தாக்கம் என்று சொல்கிறேன். கொஞ்சம் பழைய கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1986இல் வந்தவன். எங்களில் பலர் அப்போது வந்த வழிதான்: கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்கு வந்து, அகதி விண்ணப்பம் கொடுத்து, பிறகு ஹம் இருக்கும் வெஸ்ட்ஃபாலன் பகுதியில் ஒரு சின்ன நகரத்துக்கு அனுப்பப்பட்டேன். ஒரு அறையில் ஆறு பேர். வேலை செய்ய அனுமதி இல்லை. நகர எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. காலையில் எழும்பினால் இரவு வரைக்கும் என்ன செய்வது என்று தெரியாது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

விடுதிக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. புல் கிடையாது. சிவப்பு நிறத்தில் கரகரவென்று ஒரு தரை. ரூர் என்ற சுரங்கப் பகுதியில் இதை 'ஆஷெ' என்பார்கள், சாம்பல் என்று பொருள். விழுந்தால் முழங்கால் தோல் உரிந்துவிடும், சின்னச் சின்னக் கல் உள்ளே புகுந்துவிடும். நாங்கள் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடியவர்கள். அந்தத் தரையைப் பார்த்து இதில் எப்படி மனிதர் ஆடுவார்கள் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். சனிக்கிழமைகளில் ஒரு பெரியவர் வருவார், சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மைதானத்தைப் பராமரிப்பது அவர் பொறுப்பு. இரண்டு சில்லு வைத்த ஒரு சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு சுண்ணாம்புக் கோடு போடுவார். கோடு கொஞ்சம் வளைந்துவிட்டால் நின்று, சப்பாத்துக் காலால் அழித்துவிட்டு, திரும்பவும் ஆரம்பத்திலிருந்து போடுவார். ஒரு சனிக்கிழமை என்னைக் கண்டு, விளையாடத் தெரியுமா என்று கையாலும் காலாலும் கேட்டார். தலையாட்டினேன். போய் ஒரு சோடி பூட்ஸ் கொண்டுவந்தார். 42ஆம் அளவு. என் கால் 40. அவரே பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி முன்பக்கம் திணித்து, பெருவிரலால் அமத்திப் பார்த்துவிட்டுத் தந்தார்.

அப்படித்தான் நான் கிரைஸ்லீகா சி என்ற மாவட்ட லீக்கில் ஆடத் தொடங்கினேன். எங்கள் வட்டாரத்தில் அதற்குக் கீழே வேறு பிரிவு இல்லை.

வெளி மைதானத்தில் ஆட்டம் வந்தபோதுதான் சிக்கல். அடுத்த ஊர் மைதானம் எட்டுக் கிலோமீற்றர்தான், ஆனால் நகர எல்லைக்கு அந்தப் பக்கம். போனால் பிடித்து அபராதம் போடுவார்கள், என் விண்ணப்பத்துக்கும் கெடுதல் வரலாம். கழகத்தின் செயலாளர் ஒரு தபால்காரர். தன் விடுமுறை நாள் ஒன்றில், ஆட்ட அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனார். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அன்று இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் திரும்பப் போனார். அந்தப் பருவத்தில் ஏழு தடவை எனக்கு முத்திரை குத்திய அனுமதிக் கடதாசி வாங்கித் தந்தார். அந்தக் கடதாசியை நான் தொலைத்துவிடுவேன் என்று அணித் தலைவர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

ஐயா, இந்த நாட்டில் என்னை முதன்முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அவர்கள்தான். மற்ற எல்லா இடத்திலும் நான் ஒரு கோப்பு இலக்கம். என் பெயர் நீளம், அவர்களுக்கு வாயில் வராது. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாதிப் பெயரைத்தான் பிறகு கம்பித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோதும் சொன்னேன். இன்றைக்கும் ஹம்மில் அதுதான் என் பெயர்.

சரி, இப்போது லீக்குக்கு வருகிறேன். 'ஐந்தாம் பிரிவு' என்று உங்கள் கட்டுரை சொன்ன விதத்தில், அது ஏதோ அடிமட்டம் என்று வாசிப்பவர்கள் நினைப்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஆண்கள் ஆட்டத்தில் நாடு முழுவதற்கும் பொதுவான லீக் மூன்றுதான்: புண்டஸ்லீகா 18 கழகம், இரண்டாம் புண்டஸ்லீகா 18, மூன்றாம் லீகா 20. மொத்தம் 56. ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கத்தின் கீழ் இருக்கும் கழகங்களோ ஏறத்தாழ 24 ஆயிரம். மூன்றாம் லீகாவுக்குக் கீழே ஐந்து ரெகியோனால்லீகாக்கள். அதற்கும் கீழே நாடு முழுவதும் 14 ஓபர்லீகாக்கள். அதில் ஒன்றுதான் வெஸ்ட்ஃபாலன். எங்கள் மாநிலத்துக்கே நீடர்ரைன், மிட்டல்ரைன், வெஸ்ட்ஃபாலன் என்று மூன்று இருக்கின்றன. வெஸ்ட்ஃபாலன் ஓபர்லீகாவுக்குக் கீழே வெஸ்ட்ஃபாலன்லீகா, லாண்டஸ்லீகா, பெசிர்க்ஸ்லீகா, அப்புறம் கிரைஸ்லீகா ஏ, பி, சி என்று போகும். இன்றைய கணக்கில் நான் ஆடியது பதினோராவது படி. அந்தப் பையன் நிற்பது ஐந்தாவது படி. நான் நின்ற இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம் அது.

அந்த உயரத்தில் ஆடுகிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் தெரியுமா? ஒப்பந்த வீரர் என்றால் மாதம் ஒரு குறைந்தபட்சத் தொகை கொடுக்க வேண்டும் என்பது விதி. பலருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வரும். வீடு நடத்த அது போதாது. பகலில் மின்சார வேலை, வங்கி, பல்கலைக்கழகம், பொலிஸ் பயிற்சி. பின்னேரம் வாரத்தில் மூன்று நாலு நாள் பயிற்சி. ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு ஆட்டம். தூரத்து ஊர் ஒன்றில் ஆட்டம் என்றால் ஞாயிறு முழுவதும் போய்விடும். திங்கள் காலை திரும்ப வேலை. என் தொழிற்சாலையில் அப்படி ஒரு பொடியன் இருந்தான். ஞாயிறு ஆட்டத்தில் கணுக்கால் வீங்கியது, திங்கள் காலை ஆறு மணி ஷிப்டுக்குச் சப்பாத்து நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். அவனை வாய்ப்பைத் தவறவிட்டவன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

ஓபர்லீகா என்ற பெயருக்கே 'மேல் லீக்' என்றுதான் பொருள். 1963இல் புண்டஸ்லீகா தொடங்கும் வரைக்கும் மேற்கு ஜேர்மனியில் ஓபர்லீகாக்கள்தான் உச்சப் பிரிவு. அந்தக் காலத்து ஓபர்லீகா வெஸ்டில் கோல்ன், டோர்ட்முண்ட், ஷால்க எல்லாம் ஆடின. 1959இல் அவர்கள் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளி சாம்பியனாக வந்தது வெஸ்ட்ஃபாலியா ஹெர்ன என்ற சுரங்க நகரத்துக் கழகம். அவர்களுடைய கோல் காப்பாளர் ஹான்ஸ் தில்கொவ்ஸ்கி. 1966 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் வெம்பிளியில் மேற்கு ஜேர்மனியின் கோலுக்கு முன் நின்றவர் அவர்தான். குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்த அந்தப் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று இன்றைக்கும் இங்கே கதைப்பார்கள். ஏர்க்கன்ஷ்விக் என்ற சின்ன ஊரில் நிலக்கரி வெட்டிய ஹோர்ஸ்ட் சிமானியாக், 1958இலும் 1962இலும் உலகக் கிண்ணம் ஆடினார். கார்ல்-ஹைன்ஸ் ரும்மெனிக பிறந்தது எங்களுக்குக் கிழக்கே இருக்கும் லிப்ஸ்டாட்டில். 1974இல் பேயர்ன் மியூனிக் போகும் வரைக்கும் போருசியா லிப்ஸ்டாட் என்ற ஊர்க் கழகத்தில் ஆடிக்கொண்டு வங்கியில் தொழில் பழகியவர். பிறகு 1980, 1981 என்று இரண்டு தடவை ஐரோப்பாவின் சிறந்த வீரர்.

உங்கள் கட்டுரையோடு நேராகப் பொருந்தும் ஒரு கதையும் இருக்கிறது. ஜேர்மன் தேசிய அணிக்கு ஆடிய மார்கோ ரொய்ஸ் டோர்ட்முண்டில் பிறந்து அதே ஊர்ப் போருசியா கழகத்தின் இளையோர் பிரிவில் வளர்ந்தவர். பதினேழு வயதில், 2006இல், அங்கிருந்து ஆலன் வந்தார். ஆலன் எங்களுக்குப் பக்கத்து நகரம், ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. அங்கே இருந்த 'வெஸ்ட்ஃபாலன்' நிலக்கரிச் சுரங்கம் 2000இல் மூடப்பட்டு, ஊரே ஓய்ந்துபோய் இருந்த காலம். ரொட் வைஸ் ஆலன் கழகத்தில் மூன்று வருடம் ஆடினார். 2009இல் புண்டஸ்லீகாக் கழகமான மொன்ஷன்கிளாட்பாக் அழைத்தது. 2012இல் டோர்ட்முண்டே திரும்ப வாங்கிக்கொண்டது. 2006இல் உங்கள் நிருபர் அவரைப் பற்றி எழுதியிருந்தால் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார்?

ஆனால் இதைச் சொல்லி, அந்தப் பையனும் ஒருநாள் ரொய்ஸ் ஆவான் என்று வாதாட நான் வரவில்லை. பெரும்பாலும் ஆக மாட்டான். அவன் முப்பத்திரண்டு வயது வரை ஓபர்லீகாவில் ஆடிவிட்டு, பிறகு தன் ஊரில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தால், அது எனக்கு நிறைவான வாழ்க்கை. அதைத்தான் உங்கள் பத்திரிகை எழுத வேண்டும் என்று கேட்கிறேன்.

கீழ்ப் பிரிவுகள் எப்படி ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன என்பதையும் நம் ஆட்கள் பலர் அறிய மாட்டார்கள். எத்தனை அணி இறங்க வேண்டும் என்பது ஒவ்வொரு வருடமும் மாறும். மூன்றாம் லீகாவிலிருந்து எங்கள் பக்கத்துக் கழகம் ஒன்று விழுந்தால் அது ரெகியோனால்லீகா வெஸ்டுக்கு வரும். அங்கே இடம் நெருக்கும். அங்கிருந்து வெஸ்ட்ஃபாலன் கழகங்கள் விழுந்தால் ஓபர்லீகாவில் இடம் நெருக்கும், அங்கிருந்து வழமையைவிடக் கூடுதலான அணிகள் இறங்க வேண்டி வரும். இப்படியே கீழே கீழே போகும். ஊரில் கிணற்றடியில் தண்ணீர் இறைத்தால் வாய்க்கால் வழியாகக் கடைசிப் பாத்தி வரைக்கும் வந்து சேருமே, அதைப் போல.

இதை நான் கண்ணால் பார்த்தேன். இப்போது நான் உதவியாக இருக்கும் கழகத்தில் சில வருடத்துக்கு முன் பருவத்தின் கடைசி ஞாயிறு. எங்கள் ஆட்டம் முடிந்துவிட்டது, சமநிலை. ஒருவரும் உடை மாற்றப் போகவில்லை. நாற்பது கிலோமீற்றர் தள்ளி, எங்களுக்கு மேல் பிரிவில், எங்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இரண்டு அணிகளின் ஆட்டம் கால் மணி நேரம் பிந்தித் தொடங்கியிருந்தது. அதன் முடிவில்தான் எங்கள் விதி இருந்தது. பதினைந்து பொடியன்கள் சேறு காய்ந்த காலோடு ஒரே ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். யாரும் பேசவில்லை. கடைசி நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது என்று திரையில் வந்தது. நாங்கள் இறங்கினோம். கோல் காப்பாளன் கையுறையைக் கழற்றாமலே முகத்தை மூடிக்கொண்டு அழுதான். செவ்வாய்க்கிழமை பருவம் முடிந்த பிறகும் பயிற்சிக்கு இருபது பேர் வந்திருந்தார்கள்.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பிரிவுகளில் ஒரு பணக்காரரை நம்பி மேலே ஓடிய கழகங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முன்னே சொன்ன ஹெர்ன, 1979இல் பண உதவி செய்தவரின் தொழில் சரிந்ததால், பருவம் தொடங்கும் நேரத்தில் இரண்டாம் புண்டஸ்லீகாவை விட்டு விலகியது. இன்றைக்கும் கீழ்ப் பிரிவுகளில்தான் ஆடுகிறது. 1990 முதல் 1994 வரை புண்டஸ்லீகாவில் ஆடிய வாட்டன்ஷைட் 09, 2019இல் பருவத்தின் நடுவில் கடன் தாங்காமல் ரெகியோனால்லீகாவிலிருந்து அணியை எடுத்தது. அடுத்த வருடம் அவர்களுக்கு இடம் கொடுத்துத் திரும்பத் தொடங்க வைத்தது இதே ஓபர்லீகா வெஸ்ட்ஃபாலன்தான். அந்த லீக்கே ஒரு தடவை மறைந்து திரும்பி வந்தது. 1978இல் தொடங்கி, 2008இல் மூன்றாம் லீகா வந்தபோது நீக்கப்பட்டு, மாநிலம் முழுவதற்கும் ஒரே லீக் என்று நாலு பருவம் ஓட்டிவிட்டு, 2012இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 

ஆட்டக்காரர்களை விடுங்கள். இந்த லீக்குகள் நடப்பது சம்பளம் வாங்காத ஆட்களால். டிக்கெட் கிழிப்பவர், சொசேஜ் சுடுபவர், கோடு போடுபவர், இணையத்தில் முடிவு பதிபவர் எல்லோரும் சும்மா செய்கிறார்கள். ஜேர்மன்காரர் இதை 'ஏரன்அம்ட்' என்பார்கள். கோயில் தொண்டு என்றால் நம் ஆட்கள் விடிய நாலு மணிக்கு வந்து மரக்கறி வெட்டுவார்கள், நானும் வெட்டியிருக்கிறேன். அதே மனிதர்கள், பிள்ளை ஆடும் கழகத்தில் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு காரைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் பல வருடமாகப் பார்க்கிறேன்.

என் வீட்டிலும் முதலில் அப்படித்தான். மகனுக்கு ஒன்பது வயது. அவர்கள் அணியில் ஒரு வழக்கம்: ஆட்டம் முடிந்ததும் எல்லா ஜேர்சியையும் ஒரு பெரிய பையில் போட்டு, வாரத்துக்கு ஒரு வீடாகக் கொடுத்துவிடுவார்கள், தோய்த்துக் காயவைத்து அடுத்த சனிக்கிழமை கொண்டுவர வேண்டும். எங்கள் முறை வந்த அன்று மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு, ஊரார் பிள்ளைகளின் வேர்வையை நான் ஏன் தோய்க்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்லவில்லை. ஆஷெத் தரையின் சிவப்பு வெள்ளைக் காலுறையில் ஏறினால் இலேசில் போகாது, இரவு ஊறவைத்துக் கையால் தேய்க்க வேண்டும். பன்னிரண்டு ஜேர்சி, பன்னிரண்டு காற்சட்டை, இருபத்திநாலு காலுறை. வரவேற்பறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினோம். சனிக்கிழமை மனைவியே பையைக் கொண்டுபோனார். முதன்முதலாக மைதானத்துக்கு வந்தது அன்றுதான். ஏழாம் இலக்கக்காரனின் தாய் ஒரு துருக்கிப் பெண். அவர் காலுறையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, இது எப்படி இவ்வளவு வெள்ளையானது என்று கேட்டார். இரண்டு பேரும் ஆட்டம் முடியும் வரை சவர்க்காரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். இருபது வருடத்துக்கு மேலாகிறது. மகளின் கல்யாணத்துக்கு அந்தக் குடும்பம் முதல் வரிசையில் இருந்தது.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவள்தான் வீட்டில் பந்தோடு கடைசி வரை நின்றவள். பெண் பிள்ளை ஏன் பந்தடிக்க வேண்டும் என்று உறவினர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். இந்த நாட்டிலும் அப்படிக் கேட்டவர்கள்தான் இருந்தார்கள். 1955இல் ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது, 1970இல்தான் எடுத்தது. மகள் பதினாலு வயதில் நடுவர் பரீட்சை எழுதினாள். கிரைஸ்லீகாவில் நடுவருக்குத் துணை நடுவர்கள் கிடையாது. ஓஃப்சைட்டிலிருந்து கோல் வரைக்கும் எல்லாம் ஒரே ஆள் பார்க்க வேண்டும். முதல் ஆட்டத்தில், பதினொரு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில், ஒரு தகப்பன் வேலிக்கு வெளியே நின்று அவளைப் பார்த்துக் கத்தினார். காதால் கேட்க முடியாத சொற்கள். அந்த மனிதர் நம்மவர். அன்றைக்கு நான் தலைகுனிந்து நின்றேன். மகள் ஆட்டத்தை நிறுத்தி, பயிற்சியாளரைக் கூப்பிட்டு, அவர் இருபது மீற்றர் தள்ளிப் போனால்தான் தொடருவேன் என்று சொன்னாள். அவர் போனார்.

இப்படிப்பட்ட தொந்தரவால் எத்தனையோ இளையவர்கள் ஊதலைக் கீழே வைத்துவிட்டுப் போகிறார்கள். போதிய நடுவர் தராத கழகம் தண்டம் கட்ட வேண்டும், சின்னக் கழகங்களுக்கு அது பெரிய பாரம். அண்மையில் ஒரு நல்ல விதி வந்திருக்கிறது: நிலைமை சூடேறினால் நடுவர் ஆட்டத்தை ஐந்து நிமிடம் நிறுத்தி, இரண்டு அணியையும் தங்கள் தங்கள் பெனால்டி எல்லைக்குள் அனுப்பலாம். இரண்டு தடவை அப்படிச் செய்யலாம், மூன்றாம் தடவை ஆட்டம் கைவிடப்படும். நம் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

காசு காரணமாகப் பிள்ளையைச் சேர்க்கவில்லை என்று சொல்லும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்காக இதைத் தயவுசெய்து பெரிதாகப் போடுங்கள்: சமூக உதவி, வாடகை உதவி, அகதிகளுக்கான உதவி பெறும் குடும்பங்களில் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, கழகச் சந்தா போன்றவற்றுக்கு அரசு மாதம் 15 யூரோ தருகிறது. ஊர்க் கழகங்களின் சந்தா பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். கேட்டால்தான் கிடைக்கும். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் கழகத்தில் யாராவது நிரப்பித் தருவார்கள், நானே பலருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. பதினாலு, பதினைந்து வயதில் நம் பிள்ளைகள் கழகத்தை விட்டு நின்றுவிடுகிறார்கள். டியூஷன், தமிழ்ப் பள்ளி, மிருதங்க வகுப்பு எல்லாம் சனிக்கிழமை. படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். 'இவன் என்ன புண்டஸ்லீகாவா ஆடப் போகிறான்?' என்று கேட்டுத்தான் பெற்றோர் நிறுத்துகிறார்கள். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது? புண்டஸ்லீகாவை மட்டும் போடும் விளையாட்டுப் பக்கங்களிலிருந்தும் வருகிறது என்று நான் நினைக்கிறேன். ஆசிரியர் ஐயா, கோபிக்க வேண்டாம். அண்மைக் காலத்தில் இலங்கைத் தேசிய அணிக்கு ஜேர்மனியில் வளர்ந்த பிள்ளைகள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் எங்கோ ஒரு ஊர் மைதானத்தில், யாரோ ஒரு வீட்டில் தோய்த்த ஜேர்சியோடு தொடங்கியவர்கள்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஒரு முறை, கால் பக்கம்கூட வேண்டாம், நம் ஆட்கள் அதிகமாக வாழும் இடங்களின் கீழ்ப் பிரிவுப் புள்ளி அட்டவணையைப் போடுங்கள். ஓபர்லீகா வெஸ்ட்ஃபாலனை மட்டும் போட்டாலும் போதும், ஹம், டோர்ட்முண்ட், போஹும், மியூன்ஸ்டர், பீலபெல்ட் எல்லாம் அதற்குள் வந்துவிடும். மாதத்துக்கு ஒரு தடவை கீழ்ப் பிரிவில் ஆடும் ஒரு பிள்ளையோடு பேசி எழுதுங்கள். எங்கே வேலை, எத்தனை மணிக்கு எழும்புவார், யார் பஸ் ஓட்டுவார் என்று கேளுங்கள். அந்த மூன்று வரிப் பையனிலிருந்தே தொடங்கலாம்.

எனக்குச் சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாள் வைத்துத் தந்த பெரியவர் காலமாகிப் பல வருடமாகிவிட்டது. அந்த ஆஷெ மைதானத்தில் இப்போது செயற்கைப் புல். சுண்ணாம்பு வண்டிக்கு வேலை இல்லை, கோடுகள் புல்லிலேயே வெள்ளையாக வந்துவிட்டன. வண்டியை அவர்கள் எறியவில்லை, கழக அறையின் மூலையில் வைத்திருக்கிறார்கள். சில்லு இன்னும் சுழல்கிறது.

இப்போதைய கழகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் மேசையில் காசு வாங்குவது நான்தான். ஆட்டம் மூன்று மணிக்கு. உங்கள் நிருபர் யாராவது வந்தால் இரண்டு மணிக்கே வரச் சொல்லுங்கள். மனைவி ஃபிளாஸ்கில் தேநீர் கொண்டுவருவார். முதலில் உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர் ஒருவர்,
ஹம், ஜேர்மனி.